நாப்கின் கைக்கு வந்துவிட்டது. பயன்படுத்திய பிறகு அது எங்கே போகிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினத்தைத் தாண்டி, தொண்டியை நோக்கிப் போனால் வரும் ஊர் மீமிசல். புதுக்கோட்டை மாவட்டம், ஆவுடையார்கோவில் வட்டம். ஒரு பக்கம் பாக் நீரிணைக் கடல், மறுபக்கம் கண்மாய்களும் கருவேலங்காடும். இந்தக் கரையோர ஊர்களில் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் இன்று நாப்கின் கிடைக்கும். பேப்பரில் சுற்றி, கருப்பு கவரில் போட்டுக் கொடுப்பார்கள்.

வாங்குவதில் இப்போது பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். பயன்படுத்திய நாப்கினை எங்கே போடுவது? கொல்லையில் குழி தோண்டிப் புதைப்பதா, எரிப்பதா, யாரும் பார்க்காத நேரத்தில் குப்பைமேட்டில் வீசுவதா? மாநகரத்து அப்பார்ட்மென்ட்டில் இருப்பவருக்கு வாசலில் குப்பை வண்டி வருகிறது. கடலோரக் கிராமத்துப் பெண்ணுக்கு ஒவ்வொரு மாதமும் இது ஒரு கவலை.

‘சுற்றுச்சூழலுக்கு உகந்த’ மாதவிடாய்ப் பொருட்கள் பற்றிய பேச்சு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். துணி நாப்கின், மாதவிடாய் கப், மக்கும் நாப்கின் என மூன்று மாற்றுகள் சந்தையில் உள்ளன. இவற்றில் எது மீமிசல் போன்ற ஊருக்குப் பொருந்தும்?

இதுவரை என்ன நடந்தது?

இந்த விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி மாநிலம். கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் வழங்கும் ‘புதுயுகம்’ திட்டம் 2012-ல் தொடங்கியது. 10 முதல் 19 வயது வரையிலான பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், ஒவ்வொன்றிலும் ஆறு நாப்கின். அரசு மருத்துவமனைகளில் பிரசவமான தாய்மார்களுக்கும் சிறையில் உள்ள பெண்களுக்கும் திட்டம் விரிந்தது.

குறைந்த விலையில் நாப்கின் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கிய அருணாசலம் முருகானந்தம் கோவைக்காரர். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். நாப்கின் மீதான ஜி.எஸ்.டி. 2018 ஜூலையில் நீக்கப்பட்டது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் 2019 ஆகஸ்ட் முதல் ஒரு நாப்கின் ஒரு ரூபாய்.

பலன் தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15-24 வயதுப் பெண்களில் சுமார் 98 சதவீதம் பேர் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துகிறார்கள். நாட்டளவில் இது முக்கால்வாசிக்குச் சற்று மேல்தான். பழைய துணியோடும், பள்ளிக்கு லீவு போடுவதோடும் மல்லுக்கட்டிய ஒரு தலைமுறைக்கு இது சாதாரண மாற்றமில்லை. ‘நாப்கினே வேண்டாம்’ என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

அப்போ, நாப்கினில் என்ன பிரச்சினை?

பெரும்பாலான நாப்கின்களின் மேல் விரிப்பு பாலிப்ரொப்பிலீன். கசியாமல் தடுக்கும் அடி விரிப்பு பாலிஎத்திலீன். நடுவில் மரக்கூழும், ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாக மாறும் ஒரு ரசாயனப் பொடியும் இருக்கும். ஒட்டுவதற்குப் பசை, சுற்றுவதற்கு இன்னொரு பிளாஸ்டிக் உறை. இந்த பிளாஸ்டிக் பாகங்கள் மண்ணில் மக்கப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம் என்று மதிப்பிடப்படுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பெண் மாதத்துக்கு எட்டு நாப்கின் என்று வைத்தால் வருடத்துக்கு 96. ஆயிரம் பெண்கள் இருக்கும் ஓர் ஊருக்கு 96,000. பத்து வருடத்தில் 9.6 லட்சம். அவ்வளவும் அந்த ஊரைச் சுற்றியேதான் ஏதோ ஒரு வடிவில் கிடக்கும்.

புதைத்தால் நாய் கிளறும். மழை பெய்தால் வாய்க்கால் வழியே கடலுக்குப் போகும். இதே புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணையில்தான் நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. கடற்பசு கடற்புல்லை மேய்ந்து வாழும் உயிரினம். கரையிலிருந்து போகும் பிளாஸ்டிக் அந்த மேய்ச்சல் நிலத்தில்தான் சேரும்.

எரித்தால்? திறந்தவெளியிலோ பள்ளிக் கழிப்பறையை ஒட்டிய சிறிய எரியூட்டியிலோ போதிய வெப்பம் எழாது. மருத்துவக் கழிவை எரிக்கும் ஆலைகளில் இரண்டாம் அறையின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும் என்பது விதி. அரைகுறையாக எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து டையாக்ஸின் போன்ற நச்சுகள் வெளியேறலாம். அந்தப் புகை வகுப்பறைப் பக்கம்தான் வரும்.

கழிப்பறைக்குள் போட்டால் குழாய் அடைக்கும். அதை எடுக்க இன்னொரு மனிதர் இறங்க வேண்டியிருக்கும்.

குப்பையை யார் பிரிக்கிறார்கள்?

கிராம ஊராட்சிகளில் வீடு வீடாகக் குப்பை வாங்குபவர்கள் தூய்மைக் காவலர்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். ரத்தம் தோய்ந்த நாப்கின் மற்ற குப்பையோடு கலந்து வந்தால், அதைக் கையால் பிரிப்பவர் அவர்தான். அவரும் ஒரு தாய், ஒரு மகள்.

2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைப் பேசின. பயன்படுத்திய நாப்கினைப் பாதுகாப்பாகச் சுற்றிக் கொடுப்பது வீட்டாரின் பொறுப்பு. அதற்கான உறையைத் தருவது அல்லது மறுசுழற்சிப் பொருளுக்கு மாறுவது குறித்து ஆராய்வது நிறுவனங்களின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. பை, தட்டு, உறிஞ்சுகுழல் எல்லாம் பட்டியலில் இருந்தன. நாப்கின் இல்லை. இருந்திருக்கவும் முடியாது, மாற்று இல்லாமல் தடை போட்டால் அடி வாங்குவது பெண்கள்தான்.

ஆக, நாப்கினைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் திட்டம் இருந்தது. திரும்ப எடுக்கத் திட்டம் இல்லை.

துணி நாப்கின்: “திரும்பவும் துணியா?”

பலர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பழைய புடவைக் கிழிசலுக்கும் இன்றைய துணி நாப்கினுக்கும் வித்தியாசம் உண்டு. பல அடுக்குப் பருத்தி, கசியாத அடித்துணி, உள்ளாடையோடு பொருத்த பட்டன். விழுப்புரம் மாவட்டம் ஆரோவில்லில் இயங்கும் ‘எக்கோ ஃபெம்’ 2010-களின் தொடக்கத்திலிருந்து இதைத் தயாரிக்கிறது. திருச்சியைச் சேர்ந்த ‘கிராமாலயா’ தொண்டு நிறுவனமும் துணி நாப்கினை ஊக்குவிக்கிறது. அதன் நிறுவனர் எஸ்.தாமோதரன் 2022-ல் பத்மஸ்ரீ பெற்றவர். மறுபயன்பாட்டு நாப்கினுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரம் 2021-ல் வந்துவிட்டது, எண் ஐ.எஸ். 17514.

“துணி யூஸ் பண்ணா இன்ஃபெக்‌ஷன் வருமே?” சரியாகத் துவைக்காமல், ஈரத்தோடு மடித்து வைத்தால் வரலாம். துணி கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தரும் என்றுகூடச் சிலர் பயமுறுத்துகிறார்கள். அந்தப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய எல்லா நேரமும் காரணம் எச்.பி.வி. வைரஸ். அதைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது.

துணிக்குத் தேவை மூன்றே விஷயங்கள்: குளிர்ந்த நீரில் அலசல், சோப்பு, நேரடி வெயில். மீமிசலில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தண்ணீர்? கிழக்குக் கடற்கரையோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. குடிநீரை விலைக்கு வாங்கும் வீட்டில் கூடுதலாக இரண்டு வாளித் தண்ணீர் என்பது கணக்குப் பார்க்க வேண்டிய செலவு. கூட்டுக் குடும்பத்தில் கொடியில் வெளிப்படையாகக் காயப்போடும் துணிச்சல் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது புடவைக்கு அடியில் ஒளிந்துகொண்டுதான் காய்கிறது. வெயில் படாவிட்டால் துணி நாப்கினின் பாதுகாப்பே போய்விடும்.

மாதவிடாய் கப்: மலிவா, பயமா?

மருத்துவத் தர சிலிக்கானில் செய்யப்படும் சின்னக் கோப்பை இது. ரத்தத்தை உறிஞ்சாது, சேகரிக்கும். பொதுவாக 8 முதல் 12 மணி நேரத்துக்குள் எடுத்துக் காலி செய்து, கழுவி, மீண்டும் வைக்கலாம். ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒருமுறை கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். தண்ணீர்ச் செலவு துணியைவிடக் குறைவு. வெயில் வேண்டாம், கொடி வேண்டாம், குப்பையும் அனேகமாக இல்லை.

2019-ல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு 43 ஆய்வுகளையும் சுமார் 3,300 பேரையும் எடுத்துப் பார்த்தது. கசிவு நாப்கின், டேம்பானுக்குச் சமம் அல்லது குறைவு என்றது. ஒரு கப்பைப் பத்து வருடம் வரை பயன்படுத்தலாம் என்றது. பழகியவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள். ஆனால் முதல் சில மாதங்கள் பழக வேண்டும் என்பதையும், பக்கத்தில் சொல்லித்தர ஆள் இருந்தால் எளிது என்பதையும் அது பதிவு செய்தது.

இந்தியாவில் 15-24 வயதுப் பெண்களில் கப் பயன்படுத்துவோர் வெறும் 0.3 சதவீதம். காரணம் விலை மட்டுமில்லை. “உள்ளே வைக்கிறதா?” என்ற தயக்கம், கன்னித்தன்மை பற்றிய பயம். கன்னிச்சவ்வு நெகிழும் தன்மை கொண்டது; அது எதற்கும் சான்றிதழ் இல்லை. ஆனாலும் விருப்பமில்லாத பெண்ணைக் கட்டாயப்படுத்துவது தவறு. காப்பர்-டி போட்டவர்களும், அண்மையில் பிரசவமானவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

‘மக்கும்’ என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

இங்கேதான் ஏமாற்றம் அதிகம். வாழைநார், மூங்கில், பருத்தி என்று பாக்கெட்டில் இருந்தாலும், அடி விரிப்பும் உறையும் பிளாஸ்டிக்காக இருக்கலாம். ‘ஆக்சோ-பயோடிகிரேடபிள்’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஒரு ரூபாய் மக்கள் மருந்தக நாப்கினும் இந்த வகை என்றே விளம்பரப்படுத்தப்படுகிறது. இது சாதாரண பிளாஸ்டிக்கில் ஒரு சேர்மத்தைக் கலந்து, வேகமாகத் துண்டு துண்டாக உடையச் செய்யும் முறை. உடைவது வேறு, மக்குவது வேறு. நுண்பிளாஸ்டிக்காகச் சிதறும் என்ற கவலையால் ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் ஆக்சோ வகை பிளாஸ்டிக்கையே சந்தையிலிருந்து விலக்கியது.

உண்மையிலேயே மக்கும் நாப்கினுக்கும் ஈரமும் வெப்பமும் நுண்ணுயிரும் உள்ள உரக்குழி வேண்டும். பிளாஸ்டிக் குப்பையோடு கலந்து மேட்டில் கிடந்தால், கூடுதல் விலை கொடுத்து வாங்கியதன் பலன் பெரும்பாலும் வீண்.

‘இயற்கை’ என்றால் எல்லாம் நல்லதா?

மாதவிடாய்ப் பொருட்களோடு சேர்த்து இப்போது ‘இயற்கை’ இன்டிமேட் வாஷ், மூலிகை ஆவி, வேப்பிலை-மஞ்சள் கழுவல் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரங்கள் வரிசைகட்டுகின்றன.

பிறப்புறுப்பின் உட்பகுதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்கே வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லேசான அமிலத்தன்மையைக் காப்பாற்றுகின்றன. உள்ளே மஞ்சள் நீரோ வாசனைத் திரவமோ ஊற்றினால் அந்தச் சமநிலைதான் கெடும். தொற்று வரும் வாய்ப்பு கூடும். ஆவி பிடித்தால் தோல் வெந்துபோகும் ஆபத்து உண்டு. வெளிப்பகுதியை வெறும் தண்ணீரால் கழுவி, பருத்தி உள்ளாடை போட்டு, நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினாலே போதும். இயற்கை வழி என்பது இவ்வளவுதான், காசும் செலவில்லை.

வெள்ளைப்படுதலில் துர்நாற்றம், நிற மாற்றம், அரிப்பு, அடிவயிற்று வலி, ஏழு நாளுக்கு மேல் நீளும் உதிரப்போக்கு இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நாள் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்.

கும்பளங்கி சொல்லும் பாடம்

கொச்சிக்குப் பக்கத்தில், காயலை ஒட்டிய மீனவ ஊர் கும்பளங்கி. 2022 ஜனவரியில் நாட்டின் முதல் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. 18 வயதைக் கடந்த பெண்களுக்கு சுமார் 5,000 கப்கள் இலவசமாக வழங்கும் திட்டம் அது. அதற்கு முன்பே ஆலப்புழா நகராட்சி, பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். உதவியோடு 2019-ல் இதேபோல 5,000 கப்களைக் கொடுத்தது. இரண்டிலும் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. பயிற்சி வகுப்புகள் நடந்தன. சந்தேகம் கேட்க ஆள் இருந்தார்கள்.

மீமிசலும் கடலும் மீனும் சார்ந்த ஊர்தான். அப்படியே காப்பி அடிக்க வேண்டியதில்லை. ஆனால் ‘புதுயுகம்’ ஏற்கெனவே வீட்டு வாசல் வரை போடப்பட்ட ஒரு பாதை. கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் பெண்களுக்குத் தெரிந்த முகங்கள். அதே பாதையில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கொடுக்கலாம்: பள்ளிப் பெண்ணுக்கு நாப்கினோ துணி நாப்கினோ, விரும்பும் பெரியவர்களுக்கு கப். கூடவே நாப்கின் கழிவுக்குத் தனி உறை, தனி வாளி. புனேவில் ‘ஸ்வச்’ தூய்மைப் பணியாளர் கூட்டுறவு, நாப்கினைப் பேப்பரில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துத் தரச் சொல்லிப் பிரச்சாரம் செய்தது. அதற்கு ஆகும் செலவு ஒரு பழைய நாளிதழும் ஒரு சிவப்புப் பேனாவும்தான்.

உங்கள் வீட்டில் எப்படி முடிவெடுப்பது?

தண்ணீரும் வெயிலும் தனிமையும் இருக்கிறதா? துணி நாப்கின் பொருந்தும். தண்ணீர் குறைவு, உள்ளே வைப்பதில் தயக்கமில்லையா? கப். இரண்டும் சரிவராதா? நாப்கினே சரி, அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. பேப்பரில் சுற்றி, அடையாளம் வைத்து, மற்ற குப்பையோடு கலக்காமல் கொடுத்தால் போதும்.

பிளாஸ்டிக் நாப்கினைத் தயாரித்தது நிறுவனங்கள். திரும்ப எடுக்க ஏற்பாடு செய்யாமல் விட்டது நிர்வாகம். பூமியைக் காப்பாற்றும் பொறுப்பை மட்டும் பதிமூன்று வயதுப் பெண்ணின் தலையில் கட்ட முடியாது. அவளுக்குத் தேர்வும், தண்ணீரும், கொடியில் துணி காயப்போட வெட்கப்பட வேண்டாத ஒரு வீடும் கிடைத்தால், மீதியை அவளே பார்த்துக்கொள்வாள்.