கையின் வளைவும் கணினியின் கண்ணும்

எமது கல்லூரி மைதானத்திற் பந்து வீசப் பழகும் சிறுவருள் முத்தையா முரளிதரனின் பெயரை அறியாதார் இலர். 800 விக்கெட்டுகளை வீழ்த்தி 2010 இல் டெஸ்ட் ஆட்டங்களினின்றும் ஓய்வு பெற்ற அவர்மீது சுமத்தப்பட்ட பழியை அறிந்தாரும் பலர். அப்பழி எதனாற் பிறந்தது என ஆராய்ந்தார் மிகச் சிலரே. கணினிக்குக் காணக் கற்பிக்கும் கலையைப் பயில விழையும் எமது மாணவர்க்கு அதனினும் சிறந்த முதற்பாடம் இல்லை என்பது எமது துணிபு.

1995 டிசம்பர் 26 ஆம் நாள் மெல்பேண் நகரில், முரளிதரன் பந்தை வீசாது எறிகின்றார் எனக் கருதி நடுவர் டரல் ஹெயர் ஏழு முறை நோ போல் விதித்தார். ஆட்டவிதி தடுப்பது யாது? கை மடங்கியிருத்தலை அன்று. மடங்கிய கை பந்தை விடும் வேளையில் நிமிர்தலையே அது தடுக்கின்றது. முரளிதரனின் முழங்கையோ பிறவியிலேயே முற்றும் நிமிராதது. கண்ணுக்குப் புலப்பட்டது வளைவு. விதி வினவியதோ வளைவின் மாற்றம். முன்னதை ஒரு நிழற்படம் காட்டும். பின்னதைக் காட்டப் படங்களின் தொடரே வேண்டும். உருவங்களை வகைப்படுத்துவதற்கும் மனிதரின் செயலை இனங்காண்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் அவர் கையில் ஒளி தெறிக்கும் குறிகளை ஒட்டிப் பல கமராக்களால் அளந்தனர். 2004 இல் அவரது தூஸ்ரா பந்தில் நிமிர்வு ஏறக்குறைய 14 பாகை எனக் கண்டனர். பயிற்சியால் அது 10 பாகை அளவுக்குக் குறைந்தது. சுழற்பந்து வீச்சாளர்க்கு அன்றிருந்த எல்லை 5 பாகை. பழியேதும் இல்லாத பிறர் கைகளும் நிமிர்வது அளவையிற் புலப்படவே, 2005 மார்ச் முதல் யாவர்க்கும் 15 பாகை என எல்லை வகுக்கப்பட்டது. விதியே அவர்பொருட்டு வளைக்கப்பட்டது என்பார் இன்றும் உளர். யாம் அவ்வழக்கினுட் புகோம். எக்கூறு அளக்கப்பட்டது என்பது வெளிப்படையாக இருந்தமையாலன்றோ அவ்வழக்கும் நிகழ முடிகின்றது!

இவ்வாறு காட்சியினின்றும் வேண்டிய பண்புக்கூற்றைப் பிரித்தெடுத்தலே கணினிக் காட்சியியலின் அடிப்படை. 1973 இல் சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னார் யொஹான்சன் மனிதரின் மூட்டுகளில் விளக்குகளைப் பொருத்தி இருளில் நடக்கச் செய்தார். அவர் நின்றபோது வெறும் புள்ளிகள், நடந்தபோது மனிதர். 2005 இல் பிரான்சில் நவனீத் தலாலும் பில் திரிக்சும் படத்தைச் சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொன்றிலும் விளிம்புகள் எத்திசை நோக்கின என எண்ணி மனித உருவத்தைக் கண்டுபிடித்தனர்.

எமது நாட்டவரும் இத்துறையில் பின்தங்கினாரல்லர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ரமணனும் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்து மகேசன் நிரஞ்சனும் வகுத்த முறையைக் கேளுங்கள். கரையிற் சிப்பி பொறுக்கும் சிறுவன், கையிலுள்ளவற்றோடு ஒவ்வாத சிப்பியைப் புதுவகை எனப் பையிலிட்டு, ஒத்ததை விட்டு நடப்பான், திரும்பி வாரான். அதுபோலப் படத்தின் துண்டுகளை ஒரே முறை பார்த்துச் சென்று குறியேடு ஒன்றை அவர்தம் முறை ஆக்குகின்றது. பெருங்கணினி இல்லாத எம்மனோர்க்கு இச்சிக்கனம் சிறிதன்று.

2012 இல் டொரொன்டோ பல்கலைக்கழகத்தார் பன்னிரண்டு இலட்சம் படங்களைக் காட்டிப் பழக்கிய நரம்பு வலையமைப்பு, ஆயிரம் வகைப் பொருள்களைப் பிரித்தறிவதிற் பழைய முறைகளை வென்றது. கூறுகளை மனிதர் தெரிந்து கொடுக்கவேண்டாம், வலையமைப்பே தேடிக்கொள்ளும். அதன் ஆற்றலை யாம் மறுக்கவில்லை. ஆயினும், பழைய முறைகளை ஒரு வரியிற் கடந்து நேரே புதியதற்குத் தாவும் கற்பித்தலை யாம் ஏற்கோம். வளைந்த கைகளையெல்லாம் எறிதல் எனப் பெயரிட்டுக் காட்டினால், அவ்வலையமைப்பும் அந்நடுவரின் தீர்ப்பையே வழங்கும். நடுவரிடம் ‘எதனைக் கண்டீர்?’ என வினவலாம். இலட்சக்கணக்கான எண்களுட் புதைந்த விடையை எவரிடம் வினவுவது? நாளை கமரா நோக்கி ஒரு தொழிலாளியைச் சோம்பியிருந்தான் எனக் கணினி கூறுமாயின், அவன் எந்தப் பாகையைக் காட்டி வழக்காடுவான்?

ஆதலின் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். மதுரங்குளியினின்றும் உடப்புக்குச் செல்லுங்கள். கரைவலை இழுப்போரிடம் அனுமதி கேட்டு, ஒருவரின் இழுப்பைக் கைத்தொலைபேசியிற் படம் பிடியுங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றையும் படந்தோறும் நீங்களே புள்ளியிட்டுப் பாகைமானியால் அளவுங்கள். பின்னர் அவரைச் சற்றே பக்கம் திரும்பி நின்று இழுக்கச் சொல்லி மீண்டும் அளவுங்கள். அதே இழுப்புக்கு வேறு எண்கள் வரும். ஒரு கமரா போதாது எனப் பல கமராக்களை ஏன் வைத்தனர் என்பது அப்போது விளங்கும்.