கறி பூப் போல வேக வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் தூக்குப்போசியோடு கறிக்கடை வாசலில் நிற்கிறீர்கள். "ஏனுங்க, எளங்கறியாப் பார்த்துப் போடுங்க" என்று சொல்லி ஒரு கிலோ வாங்கி வருகிறீர்கள். போன வாரமும் இதே கடைதான், இதே மசாலாதான். அன்றைக்குக் கறி பூப் போல வெந்தது. இன்றைக்கோ எத்தனை விசில் விட்டாலும் செருப்பைக் கடிக்கிற மாதிரி இருக்கிறது! வீட்டுக்காரர் கடைக்காரரைத் திட்டுகிறார். நீங்கள் குக்கரைத் திட்டுகிறீர்கள்.

இரண்டு பேர் மேலும் குற்றமில்லை. குற்றவாளி ஆட்டின் நடை!

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். அங்கே பகலெல்லாம் நடந்து மேய்கிற ஆட்டின் இறைச்சியில் ருசி அதிகம். ஆனால் உழைத்த தசை முறுக்கேறிய தசை. கழுத்து, சப்பை, கால் ஆகியவை ஓயாமல் வேலை செய்பவை. முதுகுப் பக்கம் அவ்வளவு உழைப்பதில்லை. ஆகையால் சாப்ஸ் துண்டு சீக்கிரம் வெந்துவிடும், கால்கறி தாமதிக்கும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில் போட்டால் ஒன்று கரையும், இன்னொன்று மல்லுக்கு நிற்கும்.

மேல்நாட்டார் 'ஸ்டீக்' என்று சொல்லிச் சில நிமிஷத்தில் இரும்புக் கல்லில் வாட்டி எடுக்கிறார்களே, அது பெரும்பாலும் உழைக்காத முதுகுத் தசை. அதையும் குளிர் அறையில் பல நாள் தொங்கவிட்டுப் பதப்படுத்திய பிறகே அடுப்புக்குக் கொண்டு வருகிறார்கள். காரணம் உண்டு. உயிர் போன சில மணி நேரத்தில் தசைகள் விறைத்துக் கொள்ளும். பிறகுதான் மெல்லத் தளரும். நம் ஊரில் விடியலில் அறுத்தது பத்து மணிக்கு அடுப்பில் இருக்கிறது. விறைப்பு உச்சத்தில் இருக்கும்போதே கொதிக்க வைத்தால் அது எப்படி இளகும்? வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் சனிக்கிழமையே வாங்கி, மூடி, ஓர் இரவு உள்ளே வையுங்கள். ஐஸ் உறையும் மேல் தட்டில் அல்ல, கீழ்த் தட்டில். மறுநாள் வித்தியாசம் தெரியும்.

சரி, கறி வேகும்போது உள்ளே என்ன நடக்கிறது? சூடு ஏற ஏறத் தசை நார் சுருங்கி, தன்னிடமுள்ள தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. அதனால்தான் அரைவேக்காட்டுக் கறி ரப்பராகிறது. நார்களைக் கட்டி வைத்திருக்கும் சவ்வுக்குக் கொலாஜன் என்று பெயர். அது 70 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் நின்று நிதானமாகத்தான் கரையும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் பாகாக உறைகிறதல்லவா? கரைந்த கொலாஜன்தான் அது. அதைக் கரைப்பது தீயின் வேகமல்ல, நேரம்.

நேரத்தைச் சுருக்க ஒரு வழி கண்டவர் டெனி பப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-ல் இறுக மூடிய பாத்திரத்தில் நீராவியை அடைத்து எலும்பையே மெத்தென்று ஆக்கிக் காட்டினார். நம் குக்கருக்கு அதுதான் பாட்டன். உள்ளே சூடு ஏறத்தாழ 120 டிகிரி வரை போகும். ஆனால் விசிலை எண்ணிச் சமைப்பது சரியான கணக்கல்ல. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். இளங்கறிக்குப் பதினைந்து இருபது நிமிஷம், முற்றலுக்கு அரை மணி. ஆவி தானாக அடங்கிய பிறகே திறக்க வேண்டும்.

இனிப் பப்பாளிக்கு வருவோம். பப்பாளிக் காயின் பாலில் பப்பைன் என்ற பொருள் இருக்கிறது. இறைச்சியின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுவது அதன் தொழில். இதற்காகவே பயிரிடும் ரகத்தை உலகுக்குத் தந்த ஊர்களில் நம் கோவையும் ஒன்று! இங்குள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பழத்துக்கும் பாலுக்குமாகக் கோ-2 என்ற ரகத்தை 1979-லும், பாலுக்கென்றே கோ-5 ரகத்தை 1985-லும் வெளியிட்டது. காலை வேளையில் காயின் தோலை மேலாகக் கீறிப் பாலை வடித்து, உலர்த்திப் பொடியாக்குகிறார்கள்.

வீட்டில் பொடி தேவையில்லை. பச்சைக் காயைத் தோலோடு துருவி, கிலோவுக்கு இரண்டு மேஜைக் கரண்டி பிசறி அரை மணி ஊற வையுங்கள். பழுத்த பழம் உதவாது. ஆசையில் இரவெல்லாம் ஊற விட்டால் மேற்புறம் களியாகிவிடும். இன்னொரு சங்கதி: பப்பைன் மேலோடு நிற்குமே தவிர உள்ளே ஆழமாக இறங்காது. ஆகவே கொத்துக்கறிக்கும் மெல்லிய வறுவல் துண்டுக்கும்தான் அது தோழி. குழம்புக்குப் போடும் பெரிய துண்டுக்குப் பயன் குறைவு.

சிலர் கொட்டைப் பாக்கை நறுக்கிப் போடுவார்கள். பாக்கில் உள்ளது துவர்ப்பு. ஆவாரம்பட்டையின் துவர்ப்பில்தானே தோலைப் பதனிட்டு உறுதியாக்குகிறார்கள்? அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 'உப்பை முதலில் போட்டால் கறி வேகாது' என்பதும் வீண் பயம். சமைப்பதற்கு ஒரு மணி முன்பே உப்பும் மஞ்சளும் பிசறி வைத்தால், கறி தன் ஈரத்தை இழக்காமல் இருக்கும்.

கடையில் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு: "நாருக்குக் குறுக்கே வெட்டுங்க." நீள நார் பல்லில் சிக்கும். குறுக்கே வெட்டிய நார் வாயிலேயே உதிரும்.

வெந்த பின் வறுவலுக்குப் பள்ளிபாளையத்தார் வழி நல்ல வழி. ஈரோட்டுக்கு எதிரே, காவிரிக்கு அக்கரையில் உள்ள அவ்வூரார் கோழிக்குச் செய்வது போலவே செய்யுங்கள். எண்ணெயில் வரமிளகாய், நிறையச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். மசாலாப் பொடியே வேண்டாம். கறி வெந்த தண்ணீரையும் ஊற்றிச் சுண்ட விடுங்கள்.

இத்தனை பாடு எதற்கு என்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காக. பல் போன பாட்டிக்குக் கறியன்று என்ன கிடைக்கிறது? சோற்றில் இரண்டு கரண்டி குழம்பு. "சத்தெல்லாம் சாறில் இறங்கிடுச்சு" என்று நாமும் சமாதானம் சொல்லிக் கொள்கிறோம். அது சரியல்ல. புரதத்தில் பெரும் பங்கு துண்டிலேயே தங்கிவிடுகிறது. வயதாக ஆகத் தசை கரைவதால், பிள்ளைகளைப் போலவே அவர்களுக்கும் அது கட்டாயம் தேவை. "எனக்கு வேண்டாம் கண்ணு, நீங்க சாப்பிடுங்க" என்று பாட்டி தட்டை நகர்த்துவது ஆசை இல்லாமல் அல்ல, மெல்ல முடியாமல்.

அடுத்த ஞாயிறு, கறியைக் குக்கரிலிருந்து எடுத்ததும் ஒரு துண்டை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். நசுங்கினால் முதல் துண்டு பாட்டி தட்டுக்கு. நசுங்காவிட்டால் குக்கரை மூடி இன்னும் பத்து நிமிஷம் வையுங்கள். அதுவரை மற்றவர்கள் காத்திருக்கட்டுமே!