கிடைப்பதும் நிலைப்பதும்

இணைய இதழில் வெளியான ஒரு சிறுகதை எங்கே இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் 'இணையத்தில்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். உண்மையில் அது எங்கோ ஒரு வழங்கியில், ஓர் அட்டவணையின் ஒரு வரிசையாக இருக்கிறது. எழுதியவரின் பெயர் இன்னோர் அட்டவணையில் இருக்கிறது. கதைக்கு வந்த மறுமொழிகள் மூன்றாவதில். நாம் பக்கத்தைத் திறக்கும் கணத்தில் இவற்றை எண்களால் பிணைத்து ஒன்றாகக் கோத்துத் தருவது உறவுநிலைத் தரவுத்தளம். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் முன்வைத்த முறை அது. வங்கிக் கணக்கும், வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் வலைப்பதிவும் இன்றும் அம்முறையை நம்பியே நடக்கின்றன.

ஆகவே தரவுத்தளத்தைப் பேணுவது பொறியாளர்களின் கவலை மட்டுமே என்று இலக்கிய வாசகர்கள் ஒதுங்கிவிட முடியாது. நம் காலத்து எழுத்தின் ஒரு பெரும்பகுதி அச்சேறாமல் அந்த அட்டவணைகளில் மட்டுமே வாழ்கிறது. அவற்றைப் பேணுவோர் எதை முதன்மையாகக் கருத வேண்டும் என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

கணினித் துறை பெருமையோடு விற்பது 'எப்போதும் கிடைத்தல்' என்ற குணத்தை. அதை ஒன்பதுகளால் அளப்பார்கள். நூற்றுக்கு 99.9 என்றால் ஆண்டில் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தளம் முடங்கலாம். 99.99 என்றால் ஏறத்தாழ 52 நிமிடங்கள். 99.999 என்றால் ஐந்தே நிமிடங்கள். ஒவ்வொரு ஒன்பதும் கூடும்போது செலவும் சிக்கலும் பல மடங்காகும். இதை எட்டும் வழி, ஒரு வழங்கிக்குப் பதில் பல வழங்கிகளை வைப்பது. ஒன்று முதன்மை, எழுதுவதெல்லாம் அதில்தான். மற்றவை அதன் படிகள். முதன்மையில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் பெற்று அப்படியே தம்மிடம் நிகழ்த்திக்கொள்பவை. முதன்மை வீழ்ந்தால் ஒரு படி அதன் இடத்தில் அமரும். வாசகர் எதையும் அறியமாட்டார்.

அருமையான ஏற்பாடுதான். ஆனால் 'ஒவ்வொரு மாற்றத்தையும்' என்ற சொல்லை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். அழித்தலும் ஒரு மாற்றமே. யாரோ தவறுதலாக ஓர் அட்டவணையை நீக்கக் கட்டளையிட்டால், எல்லாப் படிகளும் நொடிப்பொழுதில் கீழ்ப்படிதலோடு அதை நீக்கிவிடும். படி என்பது காப்பு ஆகாது. படி இயந்திரம் வீழ்வதிலிருந்து காக்கும். மனிதக் கை வழுவுவதிலிருந்து காக்காது.

இதற்கு வரலாற்றுச் சான்றாக இரு நிகழ்வுகள் உள்ளன. இரண்டையும் அந்தந்த நிறுவனங்களே ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டன.

முதலாவது, 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் தளத்தில் நிகழ்ந்தது. அதன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் படி, முதன்மைக்கு வெகுவாகப் பின்தங்கிப் போயிற்று. படியைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பிரதி எடுக்க முனைந்த பொறியாளர், படியின் வழங்கியில் இருப்பதாக எண்ணி முதன்மை வழங்கியில் அழிக்கும் கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் 4.5 கிகாபைட் மட்டுமே எஞ்சியிருந்தது.

அதன்பின் தெரியவந்ததுதான் பெரிய பாடம். நாள்தோறும் எடுக்கப்படுவதாக எல்லோரும் நம்பியிருந்த காப்பு நகல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, நகல் எடுக்கும் நிரலோ 9.2 பதிப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு நாளும் அது தோற்றது. தோல்வியைச் சொல்ல நிரல் அனுப்பிய மின்னஞ்சல்களை, முறையான ஒப்பமில்லாதவை என்று அஞ்சல் வழங்கி திருப்பிவிட்டது. வேறொரு சோதனைக்காகப் பொறியாளர் ஒருவர் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்த நகலே அவர்களைக் காப்பாற்றியது. தளம் மீள ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் பதிவான குறைந்தது 5,000 திட்டங்களும், 5,000 மறுமொழிகளும், சுமார் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிப்புக்கு உள்ளாயின.

இரண்டாவது நிகழ்வு 2018 அக்டோபர் 21இல் கிட்ஹப் தளத்தில். பழுதான ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் அதன் இரு மையங்களுக்கு இடையே 43 நொடிகள் தொடர்பு அறுந்தது. முதன்மையைத் தேர்ந்தெடுக்கும் தானியங்கி மென்பொருள் தன் கடமையைத் தவறாமல் செய்தது. பெரும்பான்மை வாக்கின்படி மேற்குக் கரையிலிருந்த மைஎஸ்க்யூஎல் படிகளை முதன்மையாக்கிற்று. ஆனால் கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில செய்திகள் மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கிலோ புதிய செய்திகள் எழுதப்படத் தொடங்கிவிட்டன. ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லை, இரண்டுமே மூலம். ஏடுகளை ஒப்பிட்டுப் பழகிய நமக்கு இதன் பெயர் தெரியும்: பாடபேதம்.

அப்போது அந்நிறுவனம் எடுத்த முடிவை நாம் பெரிதும் மதிக்கிறோம். தளத்தை விரைந்து மீட்பதை விட, எழுதப்பட்ட ஒரு வரியும் தொலையாமல் இருப்பதே முக்கியம் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். 43 நொடி முறிவுக்கு விலையாக 24 மணி 11 நிமிடங்கள் குறைபட்ட சேவையை ஏற்றுக்கொண்டார்கள். கிடைத்தலுக்கும் நிலைத்தலுக்கும் இடையே ஒன்றைத் தேர வேண்டி வந்தபோது, நிலைத்தலைத் தேர்ந்தார்கள்.

இலக்கியத் தளங்களை நடத்துவோர் கொள்ள வேண்டிய அறமும் இதுவே என்பது நம் கருத்து. மருத்துவமனைக்கும் தொடர்வண்டி முன்பதிவுக்கும் ஐந்து நிமிட முடக்கம் பெருங்கேடு. ஒரு கவிதை ஓர் இரவு கிடைக்காமல் போனால் யாருக்கும் தீங்கில்லை. வாசகர் மறுநாள் வருவார். ஆனால் அந்தக் கவிதை அழிந்துபோனால் மறுநாள் என்பதே இல்லை. குறைந்த பணமும் நேரமும் கொண்டவர்கள் அவற்றை இன்னொரு ஒன்பதுக்காகச் செலவிடுவதைவிட, சோதித்துப் பார்த்த காப்பு நகலுக்குச் செலவிடுவதே தகும்.

'வழங்கியை வாடகைக்குத் தரும் நிறுவனமே நகல் எடுக்கிறதே' என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எடுக்கலாம். கிட்லேப் பொறியாளர்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். மீட்டுப் பார்க்காத நகல் நகலன்று. அது ஒரு நம்பிக்கை மட்டுமே. மேலும், வாடகை நின்றால் தளத்தோடு அந்த நகலும் போய்விடும்.

தமிழில் எழுதுவோருக்குக் கூடுதலான ஓர் இடரும் உண்டு. மைஎஸ்க்யூஎல் நெடுங்காலம் லத்தீன் எழுத்துருத் தொகுதியையே இயல்பாகக் கொண்டிருந்தது. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் முழு யூனிகோடு இயல்புநிலை ஆயிற்று. பழைய தளத்தின் நகலைக் குறியேற்றம் பார்க்காமல் புதிய இடத்தில் ஏற்றினால், வரிசைகளின் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் கதை முழுதும் வினாக்குறிகளாகவோ புரியாத குறிகளாகவோ நிற்கும். வினாக்குறியாகிவிட்ட எழுத்தை மீட்க வழியே இல்லை. இதை இயந்திரம் எச்சரிக்காமலே போகலாம். தமிழ் தெரிந்த ஒருவர் திறந்து படித்தால்தான் தெரியும்.

ஓலைச்சுவடிப் படிமரபில் இன்றைய வழங்கிகளுக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு இருந்தது. அது தாமதம். மூல ஏடு எரிந்தாலும், வேற்றூரில் இருந்த படி எரியவில்லை. பல ஊர்களில் கிடைத்த படிகளை ஒப்பிட்டுத்தான் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். தாமதத்தின் பயனைக் கணினித் துறையும் அறிந்தே இருக்கிறது. வேண்டுமென்றே சில மணி நேரம் பின்தங்கி வரும் படியை அமைக்கும் வசதி மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டிலும் உண்டு. தவறான அழிப்புக் கட்டளை அந்தப் படியை எட்டுமுன் நிறுத்திவிடலாம்.

சிற்றிதழ்த் தளங்களுக்கு அதுகூட வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்குங்கள். வழங்கியில் அன்றி வேறு இரு இடங்களில் வையுங்கள். ஒன்று இணையத்தோடு இணையாததாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் அதை ஏற்றி, பழைய படைப்புகள் பத்தைத் திறந்து, இறுதி வரி வரை படித்துப் பாருங்கள். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டாம். ஆசிரியர் குழுவில் இருவருக்காவது மீட்கும் முறை தெரிந்திருக்கட்டும்.

ஒரு பிற்பகலில் முடியும் வேலை இது. ஆனால் இதழ் ஆசிரியரின் பணிகளில் மெய்ப்புத் திருத்துவதற்கு நிகராக இதை வைக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். ஒரு படைப்பை ஏற்று வெளியிடும்போது, எழுதியவரிடம் நாம் சொல்லாமல் ஒரு வாக்குக் கொடுக்கிறோம். தளம் நாளை காலை திறக்கும் என்பதல்ல அந்த வாக்கு. இருபது ஆண்டுகள் கழித்து யாரேனும் தேடி வந்தாலும் அவர் எழுதியது எழுதியபடியே இருக்கும் என்பதுதான்.