விழா வாரத்தில் உரம் வேண்டாம்



நம்ம வராண்டாவில் இருக்கிற சாமந்தித் தொட்டிகளைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன். ஆடியில் நாற்று நட்டோம். அதற்குப் பிறகு தினமும் தண்ணீர் மட்டும்தான். மார்கழியில் "ஆண்டு விழா வருது, சிறப்பு விருந்தினர் வர்றாங்க" என்றதும் ஒரே நாளில் தொட்டிக்கு ஒரு கைப்பிடி யூரியா! இது தப்பு என்றுதான் சொல்வேன்.

சாமந்திக்குத் தழைச்சத்து முக்கியமாகத் தேவைப்படுவது முதல் 7 வாரத்தில். அப்போது கிடைப்பதை இலையிலும் தண்டிலும் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு பூவுக்குக் கொடுக்கும். அந்த நேரத்தில் பட்டினி போட்டுவிட்டு, மொட்டு வந்த பிறகு பந்தி போட்டால் என்ன பிரயோஜனம்? பகல் குறைந்து இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். யூரியாவைப் பார்த்து வைக்காது.

இன்னொரு விஷயம். தொட்டியில் மண் கொஞ்சம்தான். வயலில் போடுகிற மாதிரி அள்ளிப் போட்டால் உப்பு அங்கேயே நின்றுவிடும். சவ்வூடு பரவல் படிச்சோமே, உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் போகும். அதனால் வேரில் இருக்கிற தண்ணீரையும் மண் இழுத்துக்கொள்ளும். இலை ஓரம் கருகிப் போகும். உடனே "தண்ணி ஒழுங்கா ஊத்தலையா?" என்று திட்டு வாங்குவது முறை வச்சு ஊற்றுகிற நாங்கள்தான். (அந்த முறையில் பசங்க பேர் ஒண்ணு கூட இல்லை. அதைத் தனியா எழுதணும்.)

உரம் போட்டால் செடி பச்சைப்பசேல்னு இருக்கே என்று சிலர் கேட்கலாம். இலை பச்சையாக இருக்கும், ஆனால் பூ சீக்கிரம் வாடும். விற்பனைக்குத் தொட்டிச் சாமந்தி வளர்ப்பவர்கள் மொட்டில் நிறம் தெரிந்ததும் உரத்தை நிறுத்திவிடுவது இதற்காகத்தான். ரோஜா கணக்கு வேற. அதற்குக் கவாத்து பண்ணின பிறகு, புதுத் துளிர் வரும்போது கொடுக்கணும்.

செலவு அதிகமாகும் என்று சொல்ல முடியாது. வாங்குகிற அதே உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போட்டால் போதும். நாற்று வேர் பிடித்ததும் ஆரம்பித்து, பத்து நாளைக்கு ஒரு தடவை கொஞ்சமாகக் கரைத்து ஊற்றலாம். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரும் நல்லது, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால்! மண் காய்ந்திருந்தால் முதலில் வெறும் தண்ணீர், அப்புறம்தான் உரத் தண்ணீர். மொட்டு கட்டும்போது சாம்பல் சத்தும் வேணும்.

வருகிற ஆடியில் நாற்று நடுகிற அன்றைக்கே உரம் போட வேண்டிய தேதிகளை ஒரு அட்டையில் எழுதி, தொட்டிகளுக்கு மேலே சுவரில் ஒட்டணும். கடைசித் தேதிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போடணும். அதற்குப் பிறகு யார் சொன்னாலும் யூரியா மூட்டையைத் திறக்கக் கூடாது, விருந்தினர் கலெக்டராகவே இருந்தாலும் சரி.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி