வாங்குகிறவர்களுக்கு ஒரு தேர்வு

கல்யாண வீட்டில் யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் "கம்பெனியில் பர்ச்சேஸ்" என்பேன். அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "அப்போ மேல் வரும்படி நல்லா இருக்குமே?" கேட்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. எங்கள் தொழிலுக்கு ஊரில் இருக்கும் பெயர் அது. மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துத் தருபவருக்குப் படிப்பும் பதிவும் வேண்டும். லாரி ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் செலவில் பாதிக்குமேல் வெளியிலிருந்து வாங்கும் பொருளுக்கே போகிறது. அத்தனை பணத்துக்கும் பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.) போடுகிற நாற்காலிக்கு மட்டும் எந்தத் தகுதியும் கட்டாயமில்லை. ஸ்டோர்ஸில் இருந்தவர் வருவார், டெஸ்பாட்சில் இருந்தவர் வருவார், முதலாளிக்கு வேண்டியவரும் வருவார். வேலையைப் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். அவர் நல்லவராக இருந்தால் நல்லதையும், இல்லாவிட்டால் மற்றதையும்.

அதனால்தான் சப்ளை மேனேஜ்மெண்ட் சான்றிதழ்த் தேர்வு ஒன்றைப் பற்றி இந்த வாரம் எழுத நினைத்தேன். நான் எழுதித் தேறியது சி.பி.எஸ்.எம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில் இருக்கும் இன்ஸ்டிடியூட் ஃபார் சப்ளை மேனேஜ்மெண்ட் நடத்துவது. கொள்முதல் செய்பவர்களின் தேசியச் சங்கமாக 1915-இல் தொடங்கிய அமைப்பு. மாதாமாதம் வணிகப் பக்கங்களில் அமெரிக்காவின் பி.எம்.ஐ. 50-க்கு மேலே போனது, கீழே இறங்கியது என்று படிக்கிறோமே, அப்படி வரும் குறியீடுகளில் மூத்தது இவர்களுடையது. கம்பெனிகளின் பர்ச்சேஸ் மேலாளர்களைக் கேட்டுத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். 1974-இல் சி.பி.எம். என்ற சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். அதன் இடத்துக்கு 2008-இல் வந்ததுதான் சி.பி.எஸ்.எம்.

மூன்று தாள்கள். முதல் தாளில் 180 கேள்விகள், மூன்று மணி நேரம், எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. மதிப்பெண் 100-இலிருந்து 600 வரை அளக்கப்படும். 400 வந்தால் தேர்ச்சி. படிப்பு மட்டும் போதாது. பட்டதாரியாக இருந்தால் இந்தத் துறையில் மூன்று ஆண்டு, பட்டம் இல்லையென்றால் ஐந்து ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். இந்த இரண்டாவது விதி எனக்கு மிகவும் பிடித்தது. டிப்ளமோ முடித்துவிட்டு, ஷாப் ஃப்ளோரிலிருந்து பர்ச்சேஸுக்கு வந்த எத்தனையோ பேருக்கு அது கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தேர்வு எழுத விடுவார்கள். ஆகவே பாணியைக் காட்ட நானே ஒன்றைச் சொல்கிறேன். உங்களுடைய முக்கியமான வெண்டர் தொடர்ந்து தாமதமாகச் சரக்கு அனுப்புகிறார். முதலில் என்ன செய்வீர்கள்? வேறு வெண்டரைத் தேடுவதா, அபராதம் போடுவதா, நம் ஸ்டாக்கைக் கூட்டுவதா, காரணத்தை அவரோடு உட்கார்ந்து ஆராய்வதா? நான்கையும் நம் தொழிற்சாலைகள் செய்துகொண்டுதான் இருக்கின்றன. நான்குக்கும் இடமுண்டு. தேர்வு கேட்பது "முதலில்" எது என்பதை. அனுபவசாலிகள் திணறுவது இங்கேதான். தம் ஆபீசில் எது வழக்கமோ அதற்குக் கை போய்விடும். ஒரே மாதத்துக்குள் ஷெட்யூலை மூன்று முறை மாற்றிவிட்டு வெண்டரைத் திட்டும் கம்பெனியில் பழகியவருக்கு, தாமதத்தின் காரணம் தன் பக்கமும் இருக்கலாம் என்று தோன்றுவதற்கே கொஞ்சம் நேரம் பிடிக்கும். அந்த ஒரு யோசனைக்காகவே இந்தத் தேர்வுக்குப் படிக்கலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய கேள்விகள் என்று சொல்லி வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் காசுக்கு விற்கிறார்கள். வாங்காதீர்கள். திருட்டுப் பொருளை வாங்கக் கூடாது என்பதுதான் நம் தொழிலின் அரிச்சுவடி.

பாடத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது பீட்டர் கிரால்ஜிக்கின் கட்டம். மெக்கின்ஸி நிறுவனத்தில் இருந்த அவர் 1983-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. வாங்குகிற ஒவ்வொரு பொருளையும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறார். இதில் எவ்வளவு பணம் புழங்குகிறது? இது கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு? பணமும் ஆபத்தும் அதிகமானால் அந்த வெண்டரோடு நீண்டகால உறவு வேண்டும். பணம் அதிகம், ஆபத்து குறைவு என்றால் அங்கே பேரம் பேசலாம். இரண்டும் குறைவு என்றால் அதில் நேரத்தை வீணாக்காமல் எளிதாக வாங்குகிற வழியைப் பார்க்க வேண்டும். நான்காவது கட்டம்தான் ஆபத்தானது. பணம் கொஞ்சம், ஆனால் ஆபத்து பெரிது. ஒரு ரப்பர் சீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை சில ரூபாய். அதன் மோல்டு ஒரே ஒரு பட்டறையில் இருக்கிறது. வருஷச் செலவுப் பட்டியலில் அது கடைசிப் பக்கத்தில் கிடக்கும், எந்த மேலாளரும் திரும்பிப் பார்க்க மாட்டார். அந்தப் பட்டறைக்காரருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் லைன் நின்றுவிடும். விலை உயர்ந்ததையே கவனிக்கப் பழகிய கண்ணுக்கு இந்தச் சின்னப் பொருள் தெரியவே தெரியாது.

ஜப்பானில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1997 பிப்ரவரி 1 அதிகாலையில், கரியா நகரில் இருந்த ஐசின் நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று தீப்பிடித்து எரிந்தது. பின் சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை அளவோடு விடுகிற பி-வால்வு என்ற சிறு பாகம் அங்கே தயாராகி வந்தது. டொயோட்டா தனக்கு வேண்டிய பி-வால்வுகளில் ஏறக்குறைய அத்தனையையும் அங்கிருந்துதான் வாங்கியது. கையிருப்போ மிகக் கொஞ்சம்தான். சில நாட்களுக்குள் டொயோட்டாவின் ஜப்பான் தொழிற்சாலைகள் ஏறக்குறைய எல்லாமே நின்றுபோயின. ஒரே இடத்தில் வாங்குவதன் ஆபத்துக்கு உதாரணமாகப் பாடங்களில் இதைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஏறக்குறைய 200 நிறுவனங்கள் கை கொடுத்தன. ஐசினிடமிருந்து வரைபடங்களை வாங்கிப் போய், தங்களிடம் இருந்த மெஷின்களிலேயே வால்வு செய்ய முனைந்தார்கள். தையல் மெஷினுக்குப் பேர்போன பிரதர் நிறுவனமும் அதில் சேர்ந்துகொண்டது. அதுவரை கார் பாகம் எதுவும் செய்திராத இடம் அது. ஒரு வாரம் போல ஆவதற்குள் வண்டிகள் மறுபடி வரத் தொடங்கிவிட்டன. என்ன ரேட், யார் பணம் தருவது என்ற பேச்சை அந்த நேரத்தில் யாரும் எடுக்கவில்லை. டொயோட்டா பிறகு தன் முதல்நிலை சப்ளையர்களுக்கு நன்றித்தொகை கொடுத்தது.

நம் ஊரில் ஒரு கம்பெனிக்கு இப்படி நேர்ந்தால் எத்தனை வெண்டர்கள் பேரம் பேசாமல் ஓடி வருவார்கள்? அது அந்தக் கம்பெனி முந்தின ஆண்டுகளில் அவர்களை எப்படி நடத்தியது என்பதைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடியாதது அது.

ஆனால் பர்ச்சேஸ் ஆளை நாம் எதை வைத்து எடைபோடுகிறோம்? வருஷக் கடைசியில் எவ்வளவு குறைத்தாய் என்று கேட்கிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய வெண்டர் ஒரு புஷ்ஷை 42 ரூபாய்க்குத் தருகிறார், புதியவர் 39 ரூபாய்க்குத் தருகிறார். மாதம் 10,000 புஷ் என்றால் 30,000 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு 3,60,000. பவர்பாயிண்டில் பச்சை நிறத்தில் காட்டலாம். புதியவரின் சரக்கில் நூற்றுக்கு நாலு கழிகிறது என்று வையுங்கள். அந்த 400-ஐப் பிரித்தெடுக்க முழு லாட்டையும் கையால் பார்க்க ஆள் போட வேண்டும். மாற்றுச் சரக்குக்குத் தனி டெம்போ பிடிக்க வேண்டும். இடையில் பெரிய வாடிக்கையாளரின் லைன் அரைமணி நேரம் நின்றது என்றால் அங்கிருந்து வரும் டெபிட் நோட் ஒன்றே அந்த வருஷ மிச்சத்தை விழுங்கிவிடும். இந்தச் செலவுகள் குவாலிட்டி கணக்கிலும் லாஜிஸ்டிக்ஸ் கணக்கிலும் போய் ஒளிந்துகொள்ளும். பர்ச்சேஸ் கணக்கில் 3,60,000 பச்சையாகவே இருக்கும். வாங்கிய விலையோடு நிற்காமல், பொருள் வந்து பயன்பட்டு முடியும்வரை ஆகிற மொத்தச் செலவையும் கூட்டிப் பார் என்று பாடம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இதைப் படிக்காதவர்களுக்கும் இது தெரியும். படித்தவருக்கு அதை எண்ணாக எழுதி எம்.டி. முன்னால் வைக்கத் தெரிந்திருக்கும். அங்கேதான் வித்தியாசம்.

இனி அந்தக் கல்யாண வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். தேர்வை நடத்தும் அமைப்பின் நெறிமுறைகளில் ஒன்று, முறைகேடு செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது, முறைகேடு போலத் தோன்றும்படியும் நடக்கக் கூடாது என்கிறது. நமக்கு இது தீபாவளி நேரத்தில் உறைக்கும். அக்டோபர் பிறந்தாலே ரிசப்ஷனில் பெட்டிகள் அடுக்கப்படும். "ஸ்வீட்தான் மேடம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க." ஸ்வீட்டோடு வெள்ளிக் காசு வரும், கிஃப்ட் கார்டு வரும். கொடுக்கிறவர் லஞ்சமாக நினைத்துக் கொடுப்பதில்லை. கொடுக்காத ஒரே ஆளாக இருந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் கொடுக்கிறார். அந்தப் பயத்தைப் போக்குவது நம் பொறுப்பு. நான் பார்த்த நல்ல வழக்கம் ஒன்று உண்டு. செப்டம்பரிலேயே எல்லா வெண்டர்களுக்கும் எம்.டி. கையெழுத்தோடு ஒரு கடிதம் போகும்: எதுவும் அனுப்ப வேண்டாம், அனுப்பாததால் எந்த ஆர்டரும் குறையாது. மீறி வருகிற இனிப்பு கேண்டீனுக்குப் போகும், மற்றதெல்லாம் திரும்பிப் போகும். கேட்க எளிதான விஷயம்தான். செய்கிற இடங்கள் மிகக் குறைவு.

இந்தத் தேர்வு சொல்லித் தராததும் உண்டு. அதன் சட்டப் பகுதி அமெரிக்க வணிகச் சட்டத்தையும், சரக்கு விற்பனை பற்றிய 1980-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையையும் சுற்றி வருகிறது. அந்த உடன்படிக்கையில் இந்தியா சேரவே இல்லை. நமக்கு 1872-இன் ஒப்பந்தச் சட்டமும் 1930-இன் சரக்கு விற்பனைச் சட்டமும்தான். இவற்றைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமாகப் படிக்க வேண்டியது 2006-இன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு, எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் வந்திருக்கிறது. கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் பணம் தருகிற வரைக்கும், வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அம்பத்தூரிலும் பாடியிலும் லேத் பட்டறை நடத்துகிறவர்கள் வட்டி கேட்க மாட்டார்கள். கேட்டால் அடுத்த பி.ஓ. வராது என்று அவர்களுக்குத் தெரியும். வயதில் மூத்த வெண்டர் ஒருவர் ரேட் பேசிக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னார்: "மேடம், ரேட்டு நீங்க சொல்றதையே போட்டுக்குங்க. பணம் எந்தத் தேதிக்கு வரும்னு மட்டும் சொல்லுங்க." அவர் விலையைக் குறைத்துக்கொண்டது நான் பேரத்தில் கெட்டிக்காரி என்பதால் வந்தது இல்லை. சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டிய கவலையில் வந்தது. நாலு மாதம் கழித்துப் பணம் கொடுக்கிற கம்பெனியின் ரேட்டுக்குள் அந்த நாலு மாத வட்டியும் ஒளிந்திருக்கும். இல்லையென்றால் அது அவருடைய தொழிலாளியின் கூலியில் குறைந்திருக்கும்.

தேர்வுக்கு ஆகிற பணம் டாலரில். நம் சம்பளக்காரர்களுக்கு அது சுமைதான். கம்பெனி கட்டினால் எழுதுங்கள், கட்டச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெட்டீரியல்ஸ் மேனேஜ்மெண்ட் நடத்தும் படிப்புகள் இருக்கின்றன. சென்னையிலேயே கிளை உண்டு. நம் சட்டங்களும் நம் வழக்கங்களும் அங்கே பாடத்தில் வரும். சான்றிதழ் வந்தால் பதவி உயர்வு வருமா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். சில இடங்களில் வருகிறது, சில இடங்களில் வாழ்த்து மெயிலோடு முடிந்துவிடுகிறது. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு நிச்சயம் உதவும்.

முதலாளிகளுக்கும் எம்.டி.களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பர்ச்சேஸ் ஆட்களைப் படிக்க அனுப்புங்கள். திரும்பி வந்தவரிடம் எவ்வளவு குறைத்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். மொத்தச் செலவு என்ன ஆனது என்று கேளுங்கள். தேர்வுக்குப் படிக்கப் போகும் தம்பி தங்கைகளே, புத்தகத்தைத் திறக்கும் முன் அக்கவுண்ட்ஸிடம் போய் ஒரு பட்டியல் கேளுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு வைத்திருக்கும் சிறு வெண்டர்களில் யாருடைய பில் 45 நாளைத் தாண்டி நிற்கிறது என்று பாருங்கள். அதை இந்த வாரமே பாஸ் பண்ண வையுங்கள்.