பிற்பகலில் மூளும் தீ

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தார்கள். புல் காய்ந்து கிடக்கும் மாதம் அது. காட்டை அறிந்த எவருக்கும் இது புதிய செய்தியல்ல.

சரிவில் தீ நடந்துகொள்ளும் விதமே வேறு. சுவாலை மேட்டுப் பக்கம் சாய்ந்து, எதிரே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்களின் கணக்கு. மேட்டை நோக்கி ஓடுபவர் அதை வெல்வது அரிது.

தீயைப் பற்றிய தரவு இல்லாமல் இல்லை. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீ எச்சரிக்கை தருகிறது. இன்று 375 மீட்டர் துல்லியத்தில் தீப்புள்ளியைக் கண்டு, வனக்காவலரின் கைப்பேசிக்கே குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். பொதுமக்களும் பதிவு செய்து அதைப் பெறலாம். ஆனால் இந்தச் செயற்கைக்கோள்கள் ஓரிடத்தைக் கடப்பது நாளுக்குச் சில முறைதான். பகல் ஒன்றரை மணியையொட்டி அவை கடந்துபோன பிறகு மூளும் தீ, இரவில்தான் அவற்றின் கண்ணில் படும். மலையில் நிற்பவருக்கு அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆகவே, மூண்ட தீயைத் தேடும் தரவைவிட, மூளக்கூடிய நாளைச் சொல்லும் தரவே உயிர் காக்கும். வறட்சி, வெப்பம், காற்று ஆகியவற்றைக் கணக்கிட்டு அபாய முன்னறிவிப்பையும் அதே நிறுவனம் வெளியிடுகிறது. மலைப்பாதையின் கதவைத் திறப்பதா மூடுவதா என்பதை அதுதான் தீர்மானிக்க வேண்டும். 2024-இல் 40 பாதைகளுடன் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டத்தில் தீப்பருவத்தில் பாதைகளை மூடுவது நல்ல தொடக்கம். ஆனால் நாள்காட்டியைப் பார்த்துக் காடு காய்வதில்லையே!

அடுத்தது பாதையின் வடிவமைப்பு. சோதனைச்சாவடியில் ஒரே ஒரு வரைபடத் தாள் போதும்: செங்குத்துச் சரிவுகள், காய்ந்த புல்வெளிகள், ஒதுங்குவதற்கான பாறைத்திட்டுகள், ஓடைப்படுகைகள், அன்றைய தீ அபாய அளவைக் காட்டும் நிறம். தீத்தடுப்புக் கோடுகளையும் நடைபாதையைச் சந்திக்கும்படி வெட்டலாம். குரங்கணி அமைந்த போடி மலையின் முதுவர் பழங்குடி மக்களை அழைத்து உட்காரவைத்து அந்த வரைபடத்தைத் தயாரிக்க வேண்டும். எந்தப் பாறைக்குப் பின்னால் புல் முளைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த தீப்பருவம் தொடங்குமுன் வனத்துறை இந்தத் தாளை ஒவ்வொரு பாதைக்கும் தயாரிக்கட்டும். மலையேறப் போகிறவர்களும், அதைக் கையில் வாங்காமல் சாவடியைத் தாண்ட வேண்டாம்.