யந்திரமும் வைத்தியரும்

பிரசவ வேதனையிலிருக்கும் தாயின் வயிற்றில் பட்டை கட்டி, சிசுவின் இருதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் யந்திரம் நமது ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதன்று. அக்கோட்டைப் படித்து, அபாயம் உண்டா என்று அறிவிக்கும் பொறுப்பைக் கம்ப்யூட்டரிடம் ஒப்புவிக்கலாமா என்பதே இப்போதைய கேள்வி. ஒரே கோட்டை இரு வைத்தியர் இரு விதமாகப் படிப்பதுண்டு. நள்ளிரவில் கண் அயர்வதும் உண்டு. கம்ப்யூட்டருக்கு அயர்வில்லை என்கின்றனர் இதன் ஆதரவாளர். இவ்வாதத்தை அலட்சியம் செய்வதற்கில்லை.

ஆனால் பரீட்சையில் கண்டதென்ன? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 24 பிரசவ ஆஸ்பத்திரிகளில் 2010 முதல் 2013 வரை நடைபெற்ற ‘இன்ஃபண்ட்’ ஆராய்ச்சியின் முடிவு 2017-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியாயிற்று. சுமார் 46,000 பிரசவங்கள் கணக்கிலெடுக்கப்பட்டன. எல்லாத் தாய்மாருக்கும் துடிப்பு யந்திரம் பொருத்தப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் கம்ப்யூட்டரும் கோட்டைப் படித்து எச்சரித்தது. கம்ப்யூட்டர் துணையிருந்த பிரிவில் தீங்குற்ற சிசுக்கள் 172. துணையில்லாத பிரிவில் 171.

இதனால் கம்ப்யூட்டரே வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. கோட்டூர்புரத்தை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சியாளர், ஃபரீதாபாத்திலுள்ள மத்திய சர்க்கார் ஆராய்ச்சி ஸ்தாபனத்துடன் சேர்ந்து 2024-இல் ‘கர்ப்பிணி-ஜிஏ2’ என்னும் கணிப்பு முறையை வெளியிட்டனர். நமது பெண்களின் ஸ்கேன் அளவுகளையே ஆதாரமாகக் கொண்டு கர்ப்பத்தின் வயதை அது கணக்கிடுகிறது. மேனாட்டு அளவுகளிலிருந்து எழுந்த சூத்திரங்களைவிட நம்மவருக்கு அதில் பிழை குறைவு. அதை மனமார வரவேற்கிறோம்.

எனினும், கர்ப்பத்தின் வயதை அறிவது கணக்கு. துடிப்பு தாழும்போது காத்திருப்பதா, உடனே சஸ்திர சிகிச்சை செய்வதா என்பது தீர்ப்பு. தாயின் ஜுரம், வேதனையின் வேகம், பிரசவம் முன்னேறும் விதம் யாவற்றையும் அருகிலிருந்து கண்டவரே அத்தீர்ப்புக்கு உரியவர். எச்சரிக்கை பிறந்தால் மட்டும் சிசு பிழைத்துவிடாது. அதைக் கேட்டு ஓடிவர நர்ஸும், முடிவு செய்ய வைத்தியரும், சித்தமான ஆபரேஷன் அறையும் வேண்டும்.

ஆரோக்கியமான தாய்மாருக்கு இடைவிடாத யந்திரக் கண்காணிப்பையே உலக சுகாதார ஸ்தாபனம் 2018-இல் சிபாரிசு செய்யவில்லை. பிரசவ வேதனை முற்றியபின் 15 முதல் 30 நிமிஷத்துக்கொரு முறையும், சிசு வெளிவரும் கட்டத்தில் 5 நிமிஷத்துக்கொரு முறையும் டாப்ளர் கருவியாலோ குழலாலோ துடிப்பைக் கேட்கச் சொல்லிற்று. அவ்வாறு கேட்பதற்கு ஆள் வேண்டுமல்லவா?

1844-இல் தோன்றிய எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி முதல் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை சர்க்கார் கம்ப்யூட்டர் வாங்குவதானால் வாங்கட்டும். அச்செலவை ஈடுகட்ட நர்ஸுகளின் எண்ணிக்கையைக் குறைக்க எண்ணினால் ஜனங்கள் அதற்கு இடங்கொடுக்கலாகாது. தாயின் அருகே ஒரு மனிதர் இருக்கிறாரா என்பதே பொதுநலத் தொண்டர்கள் ஒவ்வோர் ஊரிலும் கேட்கவேண்டிய முதற் கேள்வி.